ஒன்றேகால் அங்குலத் துப்பாக்கி

“துப்பாக்கி ரெண்டும் ரெடிப்பா. எத எடுத்துக்கினு வரட்டும்?”

ஸ்பீக்கர் போனில் கிறிஸ்டோபர் இப்படிக் கேட்டதும் டீக்கடையில் நாலு பேர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். பரசுராமன் அசரவில்லை. “தப்பானத வெச்சா மானம் போயிடும்டா. நாளைக்கு வரைக்கும் டைம் குடு,” என்றான்.

யாரும் பயப்பட வேண்டாம். துப்பாக்கியின் நீளம் ஒன்றேகால் அங்குலம். பல் செட்டு கட்டுகிற கிறிஸ்டோபர், பல்லுக்கு ஊற்றும் அதே பொருளில் வார்த்துக் கொடுத்தது.

இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களைக் கரையில் கொண்டுபோய் இறக்கிய படகு ஒன்றை, முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் எட்டு மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தான் பரசுராமன். பாலாற்றில் தண்ணீர் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஓடுகிற காஞ்சிபுரத்துக்கு இது ரொம்ப அவசியமான வேலைதான்.

அவன் பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். எந்தப் புடவையை விரித்தாலும் “இது உங்களுக்குன்னே நெய்ஞ்சதும்மா” என்று கூசாமல் சொல்லுகிறவன். ஆனால் இந்த ஒன்றேகால் அங்குல விஷயத்தில் மட்டும் அரிச்சந்திரன்.

ஆதாரம் ஒரே ஒரு பழைய போட்டோ. நம் நாட்டு மாலுமிகள் ஓட்டிய படகு, ஓரத்தில் ‘அக்டோபர் 1943’ என்று எழுதியிருந்தது. அதில் ஒரு மாலுமி துப்பாக்கிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிறான். முழங்கைக்கு அடியில் வட்டத் தட்டு இருந்தால் அது லூயிஸ் துப்பாக்கி, வளைந்த பெட்டி இருந்தால் பிரென். துப்பாக்கியின் பின்பக்கத்தில் வேறு வெளுப்பாய் ஒரு திட்டு. அது பூஞ்சை என்று கண்டுபிடித்து, கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டு, முழங்கையை மட்டும் எட்டு மாதம் ஆராய்ந்தான்.

சென்னையில் நடக்கும் மாடல் கட்டும் போட்டியில் மூன்று வருஷமாக அவனுக்கு ஒரே தீர்ப்பு: ‘வரலாற்றுப் பிழை’. மனைவி புவனேஸ்வரிக்குப் பொறுமை போய்விட்டது. கல்யாண பிளவுசுகளுக்கு ஆரி வேலை செய்கிறவள் அவள். வீட்டு நடையில் துணியை இழுத்துக் கட்டும் ஸ்டாண்டைப் போட்டு, போகிறவர் வருகிறவர் கால் இடிக்க இடிக்கத் தைக்கிறாள். வீட்டின் ஒரே தனி அறையில் படகு சொகுசாக இருக்கிறது. அதன் சாவியோ பரசுராமனின் அரைஞாண் கயிற்றில்.

“இந்த வருஷமும் பிரைஸ் இல்லன்னா ரூமு எனக்கு,” என்றாள்.

“எடுத்துக்கோ,” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு தூக்கம் போயிற்று.

கடைசியில் பிரென் என்று முடிவு செய்து, ஆயுத பூஜையன்று காலையில் துப்பாக்கியை ஒட்டினான். பெயிண்ட் காயட்டும் என்று படகை அறைக்கு வெளியே எடுத்து, ஃபேனுக்கு அடியில், புவனேஸ்வரியின் தையல் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைப் பூஜைக்குப் போனான்.

சாயங்காலம் பொரி கடலையோடு வந்தால், மிக்ஸி, பைக், கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றிலும் பொட்டு. படகின் துப்பாக்கியிலும், பின்பக்கத்தில், பொட்டு.

“இன்னாமா பண்ணி வெச்சிருக்க!”

“ஆயுத பூஜைக்கு மிக்ஸிக்கே பொட்டு வெக்கறோம். ஊட்ல இருக்கிற ஒரே நெசமான ஆயுதம் அதான? அத்த உட்டுட்டா சாமி கோச்சிக்காதா?”

ஆரி ஊசி முனையால் தொட்டு எள்ளளவு சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வேலை என்னவோ படு சுத்தம். பெயிண்டில் நன்றாக ஊறியும் போயிருந்தது, சுரண்டினால் துப்பாக்கியே கையோடு வந்துவிடும். விடிந்தால் போட்டி. பரசுராமனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மறுநாள் புவனேஸ்வரியும் சென்னைக்குக் கூடவே வந்தாள். அறையை அளந்த டேப் கைப்பையில் இருந்தது. “வரச்சே பெரிய ஸ்டாண்டா ஒண்ணு வாங்கிக்கினு வந்துடலாங்க,” என்றாள், ஆறுதலாக.

நடுவர் ஜீவிதா. மூன்று வருஷமும் ‘பிழை’ என்று எழுதிய அதே அம்மாள். படகைச் சுற்றி வந்தவர் துப்பாக்கியிடம் நின்று லென்சை எடுத்தார். எடுத்த லென்சை இறக்கவே இல்லை.

“மேடம், அது வந்து... ஊட்ல தெரியாம...” என்று பரசுராமன் மென்று விழுங்கினான்.

“கொஞ்சம் இருங்க. அந்த 1943 போட்டோவ வெச்சு ஆறு பேர் இதே படகச் செஞ்சிருக்காங்க. அந்தத் திட்டைப் பூஞ்சைன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. அக்டோபர் மாசம், நம்ம ஊர்ப் பசங்க, கையில துப்பாக்கி. அது ஆயுத பூஜைப் பொட்டுன்னு உங்க ஒருத்தருக்குத்தான் தோணியிருக்கு. பர்ஸ்ட் பிரைஸ் உங்களுக்குத்தான்.”

பரசுராமனுக்குள் இருந்த அரிச்சந்திரன் அந்த நிமிஷமே காலி. பட்டுக் கடை வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எட்டு மாச ஆராய்ச்சி மேடம்!”

“துப்பாக்கிதான் தப்பு,” என்றார் ஜீவிதா, மார்க் போட்டுக்கொண்டே. “அதே படகோட இன்னொரு போட்டோ எங்கிட்ட இருக்கு. அது லூயிஸ். பரவால்ல, பிரைஸ் பொட்டுக்குத்தான்.”

பரசுராமன் திரும்பினான். பின்னால் புவனேஸ்வரி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“சாவியக் குடுங்க.”