ஒன்றே முக்கால் மைல்

"இன்னைக்கும் எதிர்காத்துதானா?" பைலட்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துக்கொண்டே கேட்டாள் தோரா.

"மேலே கொஞ்சம் பலமா இருக்கு டீச்சர்" என்றான் பைலட் எர்லென்ட், அவளைப் பார்க்காமல்.

"காலையில வெஸ்ட்ரே தீவுல இருந்து வந்தப்பவும் எதிர்காத்து. சாயங்காலம் பாப்பேல இருந்து திரும்பும்போதும் எதிர்காத்து. எனக்குன்னே வீசுமோ?"

"ஆர்க்னி தீவுக் காத்து. பகல்ல திசை மாறிடும்."

எட்டு பேர் அமரும் விமானத்தில் புதன்கிழமை மாலைகளில் அவள் ஒருத்திதான். பாப்பே தீவுப் பள்ளியில் ஏழு பிள்ளைகள். மழையில் நனைந்த அவர்களுடைய நோட்டுகள் மடியில் கனத்தன.

விமானம் மேலெழுந்தது. கீழே சாம்பல் நிறக் கடல்.

"ஒன்றே முக்கால் மைல். உலகத்துலேயே குட்டி விமானப் பயணம், ரெண்டே நிமிஷம்னு சுற்றுலா வர்றவங்களுக்குச் சான்றிதழ் வேற கொடுக்கறீங்க. எனக்கு மட்டும் ஆறு வருஷமா ஆறு நிமிஷம்" என்றாள் தோரா.

எர்லென்ட் விமானத்தை மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பினான். ஆறு வருஷத்தில் அவன் அவளிடம் பேசியதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

"அலுத்துப் போச்சு எர்லென்ட். வீட்டுக்குப் போனா ஏன் லேட்டுன்னு கேக்கக்கூட ஆள் இல்லை. எடின்பரோவுக்கு மாற்றல் கேட்டு எழுதிட்டேன். இறங்கினதும் தபால்ல சேர்க்கணும்."

விமானம் லேசாக ஆடியது.

"எடின்பரோ… ரொம்ப தூரமாச்சே."

"இங்கே யாருக்கு என்ன நஷ்டம்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "டீச்சர்…" என்று தொடங்கி, தொண்டையைச் செருமி, "பெல்ட் சரியா இருக்கா?" என்று முடித்தான்.

இறங்கியபோது தோரா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு நிமிஷம்!

வெஸ்ட்ரே ஓடுதளத்தில் சீட்டுக் கொடுப்பது, தீயணைப்பது, தபால் வாங்குவது எல்லாமே இஸ்பெல்தான். தீயணைப்பு உடையோடு தபால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன டீச்சரம்மா, முகமே சரியில்லை?"

"மேலே பயங்கர எதிர்காத்து இஸ்பெல். பதினோரு நிமிஷம் ஆயிடுச்சு." தோரா உறையை நீட்டினாள். "இதை இன்னைக்கே அனுப்பிடுங்க."

உறையை வாங்கிய இஸ்பெல் வாய்விட்டுச் சிரித்தாள்.

"காத்தா? மத்தியானம் டாக்டரை இதே வழியாத்தான் கூட்டிட்டு வந்தான், ரெண்டே நிமிஷம். ஆடு ஏத்திட்டு வந்தாலும் ரெண்டே நிமிஷம். உங்களை ஏத்தினாத்தான் தீவைச் சுத்திச் சுத்தி வர்றான். ஆறு வருஷமா கீழே நின்னு பார்த்துட்டுத்தானே இருக்கேன்!"

தோரா திரும்பிப் பார்த்தாள். காது மடல் சிவக்க, துளி அழுக்கும் இல்லாத விமானக் கண்ணாடியை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான் எர்லென்ட்.

"இஸ்பெல், அந்தக் கடிதத்தை இப்படிக் கொடுங்க."