எட்டுப் பேர் படுக்கும் அறை

மாப்பிள்ளையின் அம்மா கண்ணம்மாள் என் போட்டோவை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார்.

வரன் பார்க்கக் கொடுத்த ஸ்டுடியோ போட்டோ இல்லை அது. பிரான்ஸில் படித்தபோது, விடுமுறைக்கு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றிய நாட்களில் எடுத்தது. லிமோஜ் என்கிற ஊரில், ஓர் இரும்புக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீள ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறேன். என் தலைக்கு மேலே இன்னொரு கட்டில். அதன் கம்பியில் காயப்போட்ட ஜீன்ஸ் ஒன்று தொங்குகிறது.

அவருடைய சொந்தக்காரப் பெண் ஒருத்தி என் பழைய ஃபேஸ்புக்கைத் தோண்டி எடுத்துக் கொடுத்தாளாம். எங்கள் பக்கத்தில் போர்வெல் போடுகிறவர்கள்கூட அவ்வளவு ஆழம் போக மாட்டார்கள்.

"இது என்ன ரூமுங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஹாஸ்டலுங்க. வார்டன் எல்லாம் இருப்பாங்க," என்றார் அப்பா, பெருமையாக.

பாவம் அப்பா. ஹாஸ்டல் என்றால் அவருக்குச் சேலத்தில் நான் படித்த மகளிர் விடுதிதான். இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடும் விடுதி. பிரான்ஸில் ஹாஸ்டல் என்பது ஒரு ராத்திரிக்குக் கட்டில் வாடகைக்கு விடுகிற இடம். அறைக்கு எட்டுக் கட்டில். ஆண், பெண் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். முதலில் வந்தவருக்குக் கீழ்க்கட்டில், அவ்வளவுதான். அதை இந்தக் கூடத்தில் யார் எடுத்துச் சொல்வது?

கையில் காசில்லாமல் ஊர் பார்க்க அதுதான் வழி. பாரிஸில் ஒரு நாள் தங்குகிற செலவில் லிமோஜ், ஆல்பி, கிளெர்மோன் என்று சின்ன ஊர்களில் ஒரு வாரம் சுற்றலாம். ரயிலுக்குப் பதில் பஸ். மத்தியானத்துக்கு ரொட்டியும் வாழைப்பழமும். சந்தை கலைகிற நேரத்தில் போனால் அடிபட்ட தக்காளி சும்மா மாதிரிக் கிடைக்கும். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிற அர்ச்சுனன் மகள் அடிபட்ட தக்காளியை வாங்கித் தின்றாள் என்று தெரிந்தால், அப்பாவுக்கு அதுதான் பெரிய அவமானமாக இருக்கும்.

வயிறு வலிக்க நான் சிரித்த நாட்கள் அவை.

"ஆம்பளை துணி தொங்குதேங்க," என்று கண்ணம்மாள் போனை அப்பா பக்கம் திருப்பினார்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கூடத்தில் மற்ற எல்லோரும் மிக்சர் தட்டையே பார்த்தார்கள். கடலை பொறுக்குகிறார்களோ என்னவோ.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும். இதற்கு முன் வந்த எந்த வரனுக்கும் நான் சாமியைக் கும்பிட்டதில்லை. பையன் பெயர் மாதவராஜ், பொம்மிடிப் பக்கம், ஜெர்மனியில் கம்பெனி வேலையில் இருந்துவிட்டு வந்தவன் என்று தரகர் ஜாதகத்தை நீட்டிய அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மாதவராஜ் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். அவனை நேராகப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான் அம்மா, நானும் அந்த மாதிரி அறைகளில் தங்கியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை. ஜெர்மனி பார்த்தவன் சொன்னால் இந்தக் கூடம் கேட்டுக்கொள்ளும்.

அவன் தொண்டையைச் செருமினான்.

"அந்த ரூம்ல கூட யாரு தங்குனாங்கன்னு தெளிவா சொல்லிட்டா நல்லதுங்க," என்றான்.

'ங்க' போட்டு. என்னிடம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நானும் மாதவராஜும் சொன்னது ஒரே ஒரு பொய். காதல் என்றால் தன் அம்மா பூச்சிமருந்தைக் குடித்துவிடுவார், அதனால் தரகர் மூலமாகவே வரட்டும், ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, முன்பின் தெரியாதவர்கள் மாதிரியே நடக்கட்டும் என்றான். தரகர் காதில் என் பெயரைப் போட்டுவைத்ததே அவன்தான். ஜெர்மனியிலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் லீவு போட்டு வந்து, அந்த ஊர்களையெல்லாம் என்னோடுதான் சுற்றினான். லிமோஜில் மழையில் நனைந்த ஜீன்ஸைக் கழற்றி மேல்கட்டிலில் காயப்போட்டுவிட்டு, இடுப்பில் துண்டோடு நின்று, சிரிடீ சிரிடீ என்று அந்தப் போட்டோவை எடுத்ததும் அவன்தான்.

"சொல்லு சாமி," என்றார் அப்பா என்னிடம்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இந்தக் கூடமே சேர்ந்து அவனைத் தாலி கட்ட வைத்துவிடும். கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"யாரோ ஒருத்தருங்க," என்றேன். "எனக்கு அவரைத் தெரியாதுங்க."

கண்ணம்மாள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாதவராஜ் மூச்சை மெல்ல விட்டான். ஆறிப்போன காபியை எடுத்து, நிம்மதியாகக் குடித்தான்.