சோதிக்காத பை

முந்நூறு சட்டைக்கும் காலர் அரை அங்குலம் குறைந்துபோயிருந்தது. துணியை வெட்டியவர் கையெழுத்துப் போட்டிருக்கும் அளவு அட்டையைக் காணோம். மேனேஜர் ஒவ்வொருவர் பையாகக் கொட்டிப் பார்த்தார்.

"உங்க பை வேணாம் பாஸ்டர்" என்று கட்டிங் மாஸ்டரை மட்டும் தாண்டிப் போனார். டிபன் பாக்ஸைத் திறக்குமுன் தினமும் கண்மூடி ஜெபிப்பதால், மாஸ்டர் அந்தத் தையல் கம்பெனியில் பாஸ்டர் ஆகியிருந்தார்.

எந்தப் பையிலும் அட்டை இல்லை. மேனேஜர், வெட்டும் மேஜைக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் திரும்பினார்.

"உன் வேலைதானே இது? நாளையிலேர்ந்து வராதே."

மாஸ்டர் முன்னால் வந்தார்.

"சார், வெட்டினது நான்."

மேனேஜர் நெகிழ்ந்துபோனார். "பாருங்கய்யா, அடுத்தவங்க பழியைத் தன் தலையில போட்டுக்கறார். சரி பாஸ்டர், உங்க முகத்துக்காக இவளை விட்டுடறேன்."

"எனக்காகவா அண்ணா?" என்று அந்தப் பெண் அழுதாள். மற்றவர்கள் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

மாஸ்டர் தன் பையிலிருந்து பைபிளை எடுத்தார். அதன் நடுவிலிருந்து அட்டையை உருவி மேஜைமேல் வைத்தார்.

"இதுக்குள்ள யாரும் தேட மாட்டீங்கன்னு தெரியும் சார்."