வீட்டுக் கச்சேரி

"கிழமை முழுக்கக் கச்சேரிக்குப் போறது காணாதெண்டு, ஞாயிற்றுக்கிழமையிலை வீட்டிலையும் கச்சேரியோ?"

ஞானேஸ்வரி தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். கணவர் இரகுநாதன் திரும்பவில்லை. பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், அவர் பிரதம இலிகிதர். கடிதத்தில் ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் மூன்று படியையும் திருப்பி அடிக்கச் சொல்கிறவர். அப்பேர்ப்பட்ட மனிதர் மகன் விட்டுப்போன கணனிக்கு முன்னால் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூசு," என்றார்.

"ஓமோம். ஐஞ்சு கிழமையா ஒரே தூசு."

திரையில் ஏதோ விளையாட்டின் முகப்பு: ஒரு பனிமலை. கையில் வாளோடு ஒரு பெடியன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கீழே நாலு வரி. முதல் வரியை அமத்தினால் சண்டை தொடங்கிவிடும் என்று மகன் சேந்தன் எப்போதோ சொல்லியிருந்தான். இரகுநாதனுக்குச் சண்டை வேண்டாம். சண்டைக்கு முன்னால் ஒலிக்கும் இந்த இசை போதும்.

கொழும்பில் வேலை கிடைத்ததும் சேந்தன் புதிதாக ஒரு கணனி வாங்கிவிட்டான். ஹாலிஎலையில் இரும்புக்கடை வைத்திருக்கும் அஸீஸ், மகளுக்கென்று பழையதைக் கேட்டார். "எடுங்கோ, இஞ்சை அதை ஒருத்தரும் தொடுறேல்லை," என்று இரகுநாதன் வாக்குக் கொடுத்தார். கொடுக்குமுன் வேலை செய்கிறதா என்று பார்ப்போமே என்று போட்டு, கண்ணில் பட்ட முதல் படத்தை அமத்தியதுதான் பிழையாய்ப் போனது. ஐம்பது அறுபது வயலின்கள் ஒரே நேரத்தில் மூச்செடுத்தன. நின்றவர் கதிரையைத் தேடி இருந்துவிட்டார்.

அன்றிலிருந்து அஸீஸுக்கு "அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு" என்று தவணை. இன்றைக்கு வான் வண்டியோடு வருகிறேன் என்று அஸீஸ் காலையில் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்.

"இஞ்சேரும், முதல் கிழமை வெறும் வயலின். பிறகு முரசு சேர்ந்தது. பிறகு எக்காளம். இப்ப பாரும், நூறு பேர் சேர்ந்து பாடுகினம்!"

"என்ன பாஷை?"

"ஆருக்குத் தெரியும்? உது ஆலாபனை, ஞானம். நாள் போகப் போக விரியுது. கீர்த்தனை இனித்தான் வரும்."

"கீர்த்தனைக்கு முன்னம் அஸீஸ் வந்திடுவார். அந்தப் பெடியன் ஐஞ்சு கிழமையா பனிக்குள்ளை நிக்கிறான். ஒரு கம்பளியாவது குடுத்து அனுப்புங்கோவன்."

"உமக்கு எங்கை விளங்கப் போகுது? முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்ச ரீச்சர்தானே."

"ஓம், எனக்கு உதொண்டும் விளங்காது. எனக்குக் குசினியிலை வேலை கிடக்கு."

பதுளையிலிருந்து ஏறும் ரயில் தெமோதரையில் சுரங்கத்துக்குள் புகுந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, புகுந்த இடத்துக்கு நேர் மேலே வந்து நிற்குமே, அதேபோல் முதலில் கேட்ட மெட்டு ஒரு சுற்றுச் சுற்றி உயரத்தில் வந்து நின்றது. அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணில் தூசு விழும்.

"ஞானம், தரேலாதெண்டு சொன்னால் என்ன?"

"சொல்லுங்கோ. ஏனெண்டு கேட்டால், இருந்து அழுறதுக்கு வேணுமெண்டும் சொல்லுங்கோ."

வாசலில் வான் வந்து நின்றது. அஸீஸ் ஒரு கையில் கயிறும் மறு கையில் பழைய அட்டைப் பெட்டியுமாக வந்தார். பின்னால் உயர்தரம் படிக்கும் மகள் ஸிஹாமா.

"என்ன சேர், இண்டைக்கும் அடுத்த ஞாயிறா?"

"சீச்சீ. சொன்னால் சொன்னதுதான்."

சொல்லிவிட்டாரே ஒழிய, இரகுநாதனின் கை லேசில் போகவில்லை. கடைசியில் நிறுத்துவதற்காகக் கையை நீட்டினார்.

"அங்கிள், நிப்பாட்டாதீங்க!"

ஸிஹாமா ஓடிவந்து திரைக்கு முன்னால் நின்றாள். பாடகர்கள் உச்சத்துக்கு ஏறி இறங்கும்வரை திறந்த வாய் மூடவில்லை.

"யா அல்லாஹ். இந்த இடத்துக்கு யாரு வந்த?"

"எந்த இடத்துக்குப் பிள்ளை?"

"இந்த மியூசிக் சும்மா வளராது அங்கிள். ஒவ்வொரு கட்டமாத் தாண்டினாத்தான் ஒண்ணொண்ணாச் சேரும். நானும் கல்யாணம் முடிச்ச எங்க ராத்தாட வீட்டுல ஆறு மாசமா வெளையாடுறன், எனக்கு இன்னம் வயலின் மட்டுந்தான். ஐஸ் பாலத்துல எந்தக் கல்லுல கால வெச்சாலும் உடைஞ்சு உழுறன். ஆக்கள் பாடுறதக் கேக்க பதினொரு கட்டம் தாண்டணும். நீங்களா அங்கிள் தாண்டின?"

"நான் கீபோட்டிலை ஒரு கட்டையும் அமத்தேல்லை."

"அப்ப மகன் வந்தாரா?" என்றார் அஸீஸ்.

"தைப்பொங்கலுக்குப் பிறகு அவன் இந்தப் பக்கமே வரேல்லை."

மூன்று பேரும் பெடியனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. ஞானேஸ்வரி வெளியே வந்தாள். கணவரின் முகத்தைப் பார்க்காமல் ஸிஹாமாவிடம் நேரே போனாள்.

"பாலத்திலை ஓடக்கூடாது பிள்ளை. ரெண்டு, மூண்டு, ஐஞ்சு, ஏழு எண்டு முதன்மை எண் வாற கல்லுகளிலை மட்டும் காலை வை." பிறகு அஸீஸ் பக்கம் திரும்பினாள். "குறை நினையாதேங்கோ, இன்னும் ரெண்டு கட்டம் கிடக்கு. ஒரே இசையை இந்த மனுசன் எத்தனை நாளைக்குத்தான் கேக்கிறது? நாளைக்கு இவர் கச்சேரிக்குப் போனாப் பிறகுதான் நான் தொடலாம்."