கண் பட்ட வண்டி

"யார் கண்ணு பட்டுச்சோ!" என்று நசுங்கிய காரின் மேல் விழுந்து அழுதார் சுடலைராஜ். திருவொற்றியூரில் அவருடைய மளிகைக் கடை வாசலில் நிறுத்தியிருந்த புதுக் கார். பெற்ற மகளைக்கூட அதில் செருப்போடு ஏற விட்டதில்லை அந்த மகராசன்.

கடைப்படியில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள் மனைவி சொர்ணம்.

காரில் மோதிய லாரிக்காரன் கையைப் பிசைந்தான். "பைக்கு குறுக்க வுயுந்துச்சு சார். அவன் மேல ஏத்தக் கூடாதுன்னு ஒடிச்சேன்."

"ஏத்தியிருக்க வேண்டியதுதானல! என் வண்டிய விட அவன் உசுரு பெருசா?"

அருகில் முழங்காலில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தான் பைக்கில் வந்த தீனா. அவன் பக்கம் பாய்ந்தார் சுடலைராஜ்.

"ஓட்டத் தெரியாத பயலுக்கு எதுக்குல பைக்கு?"

"ஓட்டல்லாம் தெரியும் நைனா. வழுக்கிடுச்சு." சட்டையில் ஒட்டியிருந்த, குங்குமம் அப்பிய பூசணித் துண்டை எடுத்துக் காட்டினான். "எந்தப் பேமானியோ நடுரோட்ல ஒடச்சிப் போட்டுகீறான்."

சுடலைராஜின் அழுகை சட்டென்று நின்றது.

சொர்ணம் படியிறங்கி வந்தாள். "காலையில நீங்க உடைச்சதும் நான் பெருக்கி அள்ளத்தான் வந்தேன். நாலு வண்டி ஏறினாத்தான் காருக்குத் திருஷ்டி கழியும்னு தடுத்துட்டிய. இப்ப கழிஞ்சிட்டா, பெருக்கலாமா?"