ஐந்தாவது தட்டு

"அந்தப் பொண்ணுக்கு நீ ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையாடி?"

அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக் கையைக் கிள்ளினாள்.

கிள்ள வேண்டியதுதான். வாசலில் டெலேனி செய்துகொண்டிருந்த காரியம் அப்படி.

டெலேனி அமெரிக்கப் பெண், கான்சாஸ் பக்கம். போலந்தில், கிராக்கோ நகரத்தில் என்னோடு படிக்கிறாள், ஒரே அறை. வந்த நாலு மாசத்தில் பாதி ஐரோப்பாவைச் சுற்றிவிட்டாள். போன இடத்திலெல்லாம் அந்த ஊர் வழக்கம் தெரியாமல் ஒரு கூத்து. புடாபெஸ்ட்டில் பீர் கோப்பையை முட்டி மேஜை முழுக்க முறைப்பு வாங்கினாள். ரோமில் சாப்பாட்டுக்குப் பிறகு பால் காப்பி கேட்டு சர்வரிடம் பேச்சு வாங்கினாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக முடியவில்லை என்றாள். டார்னூவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்து, விருந்தின் பீட்ரூட் சூப் பரிமாறப் போகிற நேரம். நாங்கள் நாலு பேர். மேஜையில் ஐந்து தட்டு.

"ஐயா, ஐந்தாவது தட்டு யாருக்கு?" டெலேனி அப்பாவிடம் கேட்டாள். போலிஷ் மொழியைப் பாடப்புத்தகத்தில் படித்தவள், புத்தகம் மாதிரிதான் பேசுவாள்.

"எதிர்பாராம வர்ற விருந்தாளிக்கும்மா. இன்னிக்கு யார் வந்து கதவைத் தட்டினாலும் உட்கார வச்சு சாப்பாடு போடணும். எங்க வழக்கம்," என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மணி அடித்தது. டெலேனி ஓடிப் போய்த் திறந்தாள்.

நின்றவர் எங்களுக்கு நேர் கீழே, கீழ் மாடியில் இருக்கும் லெஷெக் மாமா.

அவரும் என் அப்பா ரோமனும் ஒரே தொழிற்சாலை. ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் துணி துவைக்கும் மெஷின் ஒழுகி, மாமா புதிதாக வெள்ளையடித்த கூரை பாழானது. மன்னிப்புக் கேட்க வேண்டிய அப்பா, "பெரிய அரண்மனை பாரு!" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. இந்த வருஷம் மாமாவின் மனைவி இரேனா அத்தை இறந்தபோது, அப்பா சர்ச் கேட் வரை போனார். உள்ளே நுழைய முகமில்லாமல் திரும்பி வந்துவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

மாமா கையில் ஒரு பார்சல்.

"தபால்காரன் எங்க வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டான். பேரு ரோமன் குடும்பம்னு இருக்கு, வீட்டு நம்பர் மட்டும் என்னோடது. 'இருபத்தி நாலாம் தேதி, முதல் நட்சத்திரம் தெரிஞ்சதும் குடுக்கவும்'னு பெரிசா எழுதியிருக்கு. அதான் இந்த நேரத்துல... வாங்கிக்கங்க. நான் போறேன்."

"ஐயோ, நான் அனுப்பிய பரிசு! எண்ணைத் தவறாக எழுதிவிட்டேனா?" டெலேனி வாயில் கை வைத்தாள். அதோடு விட்டாளா? மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளே வாருங்கள். உங்கள் தட்டு தயாராக இருக்கிறது."

"இல்லம்மா, நான்..."

"யார் வந்தாலும் உட்கார வைக்க வேண்டுமாம். ஐயா இப்போதுதான் சொன்னார். இல்லையா, ஐயா?"

இங்கேதான் அம்மா என்னைக் கிள்ளியது.

"வீட்டு நம்பரும் எழுதத் தெரியல, யாரைக் கூப்பிடறதுன்னும் தெரியல. என்னத்தைப் படிக்கிறாளோ!"

அப்பாவின் முகம் சூப்பின் நிறத்துக்கு வந்திருந்தது. அவர் சொன்ன வார்த்தையின் சூடு இன்னும் ஆறவில்லை. என்ன செய்வார்?

"வா," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

மாமா பூட்ஸைக் கழற்றினார். விருந்தாளிகள் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள வைத்திருந்த செருப்பு ஒன்றுகூட அந்தக் காலில் ஏறவில்லை. சாக்ஸோடு வந்தார். ஒன்றில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

சாப்பிட உட்காருமுன், காகிதம் மாதிரி மெல்லிய வெள்ளை அப்பத்தை உடைத்துப் பகிர்ந்து, ஒவ்வொருவருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. அப்பா அப்பத்தை நீட்டினார்.

"லெஷெக்... உடம்பைப் பாத்துக்கோ."

"நீயும்."

"இரேனா போனப்ப நான்..."

"கேட் வரைக்கும் வந்தே. பார்த்தேன்டா."

அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கெண்டை மீன் வந்தபோது இருவரும் பழைய மேனேஜரைத் திட்ட ஆரம்பித்திருந்தார்கள். கசகசா கேக் வந்தபோது அப்பா மேஜையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கும் மனசு இளகிவிட்டது. "தெரியாம செஞ்சாலும் நல்லதாத்தான் முடிஞ்சுது. வெகுளிப் பொண்ணு, பாவம்," என்று என் காதில் சொல்லி, டெலேனிக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

பிறகு அப்பா பார்சலைப் பிரித்தார். உள்ளே வீட்டுக்குள் போடுகிற கம்பளிச் செருப்பு. ஒரே ஒரு ஜோடி. காலை விட்டுப் பார்த்தார், இன்னொரு கால் நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது.

"அளவும் தப்பா!" அம்மா சிரித்தாள்.

நான் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். நாற்பத்தாறாம் நம்பர்.

எங்கேயோ கேட்ட நம்பர். கேட்டதில்லை, நானே சொன்ன நம்பர். அக்டோபரில் ஒரு நாள் அறையில் டெலேனியிடம் சண்டைக் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, "லெஷெக் மாமா கால் நாற்பத்தாறு. சின்ன வயசுல அவர் செருப்புக்குள்ளதான் என் பொம்மையைத் தூங்க வைப்பேன்" என்றேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

செருப்பை மேஜைக்கு அடியில் மாமா பக்கம் தள்ளினேன். இரண்டு காலும் கச்சிதமாக நுழைந்தன.

வெகுளிப் பெண் டெலேனி, தலை நிமிராமல் கேக் தின்றுகொண்டிருந்தாள்.