பாலத்துக்கு இந்தப் பக்கம்

தேவகி கண்ணை மூடிக்கொண்டு விசிறியின் அருகே காதைக் கொண்டுபோனாள்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டுகிற விசிறி அது. கடைக்காரர் நவாஸ் அதைக் கவுண்டர் மேலேயே ஓடவிட்டிருந்தார்.

வெளியே ரிச்சி தெரு. தள்ளுவண்டி, ஹாரன், கடைக்குக் கடை கூவி அழைக்கிற ஆட்கள். அந்தச் சந்தடியில் நின்றுகொண்டு ஒரு விசிறியின் அமைதியைக் கேட்கப் பார்த்தாள். அவளைத்தான் சொல்லவேண்டும்.

“எல்லாரும் கலர் லைட்டு எரியுதான்னு பாப்பாங்கக்கா. நீங்க இன்னான்னா காதை வெச்சுக் கேக்குறீங்க” என்றார் நவாஸ்.

அவள் அடுத்த விசிறியைக் காட்டினாள்.

வீடு ஒரே அறை. கட்டிலும் கம்ப்யூட்டர் மேசையும் இடித்துக்கொண்டு கிடக்கும். கணவனுக்குக் காசிமேடு ஐஸ் ஃபாக்டரியில் இரவு வேலை. கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்து, அது ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கவேண்டும். விடிந்து வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவான்.

அவன் தூங்குகிற நேரம்தான் அவள் கம்ப்யூட்டரில் விளையாடுகிற நேரம்.

பழைய கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரையும். அவன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போகிறான் என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம், அந்தப் பாலம்.

விளையாட்டில் அவள் தனியாக மலைகளைக் கடந்து போகிற பயணி. சண்டை குறைவு, நடை அதிகம். நடுவில் ஒரு காடு, அதில் ஓயாத மழை. காடு முடிகிற இடத்தில் ஒரு தொங்குபாலம். அக்கரையில் வெயிலில் ஓர் ஊர் மங்கலாகத் தெரியும்.

பாலத்தில் கால் வைத்ததும் பழைய கம்ப்யூட்டரில் படம் திணறி உறைந்துவிடும்.

அந்த ஊரைப் பார்க்காமல் அவளுக்கு ஆறாது. மற்றவர்கள் விளையாடிப் போட்ட வீடியோவைக்கூடத் திறக்காமல் வைத்திருந்தாள். துணி காயப்போடும்போதும் பாதி மனசு அந்தப் பாலத்தில்தான் நடந்தது.

சீட்டு எடுத்த பணத்தில் வளையல் வாங்கச் சொன்னாள் நாத்தனார். வளையல் போட்டுக்கொண்டு எந்தப் பாலத்தைத் தாண்டுவது?

புதுக் கம்ப்யூட்டருக்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்றாள். விளக்குகள் வேண்டாம். தடித்த தகரப் பெட்டி போதும். ஹார்டு டிஸ்க் கறகறக்கும், சத்தமே போடாத சின்ன எஸ்எஸ்டியே இருக்கட்டும்.

வேகமான கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை நவாஸ் ஆசையாக எடுத்து வைத்தார். ஓடவிட்டதும் அதன் விசிறி சீறியது. தள்ளி வைத்தாள். யாரோ வைத்திருந்து விற்றுப்போன பழைய கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதிகம் சூடாகாது, அதனால் கத்தாது. பாலத்துக்கு அது தாங்கும் என்று நவாஸ் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மிச்சம் பிடித்த காசை அகலமான விசிறிகளில் போட்டாள். பழைய கம்ப்யூட்டரையும் அவரே விலையில் கழித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவன் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தான்.

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ஓடுகிறதா என்றே தெரியவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். லேசாக அதிர்ந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

காடு. மழை. ஒவ்வொரு இலையிலும் தனித்தனியாகச் சொட்டியது.

பாலத்தில் கால் வைத்தாள்.

திணறவில்லை. பலகை அசைந்தது, கீழே ஆறு ஓடியது.

கட்டில் குலுங்கியது. ஹெட்ஃபோனை இறக்கினாள். அவன் எழுந்து உட்கார்ந்து காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தான்.

“நின்னுபோச்சு தேவகி.”

“இன்னாது?”

“மெஷினு.”

“வூட்லதாய்யா கீற. படு.”

படுத்தான். கண் சொருகியது. மறுபடி திடுக்கென்று எழுந்தான், செருப்பைத் தேடினான். கண்கள் சிவந்து கிடந்தன. இன்றைக்கும் ராத்திரி முழுக்க அவன் வேலையில் விழித்திருக்கவேண்டும்.

மேலே ஓடிய ஃபேனுக்குச் சத்தமே இல்லை. அறையில் அப்படி ஓர் அமைதி.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய கம்ப்யூட்டரின் இரைச்சலை அவன் பொறுத்துக்கொள்ளவே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டுதான் இத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? அவனுக்கே தெரிந்திருக்காது என்று தோன்றியதும் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டு பழைய ஸ்பீக்கரைச் செருகினாள்.

மழை அறைக்குள் இறங்கியது.

சுவரில் பெய்தது, கட்டிலின் மேல் பெய்தது. சோவென்று, விடாமல், ஒரே சீராக. அவன் தலையணையைக் கட்டிக்கொண்டான். முகம் தளர்ந்தது. குறட்டை வந்தது.

அவள் மெல்ல நடந்தாள். பாலத்தின் நடுவில் மழை மெலிந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் விட்டுவிட்டது. எதிரே வெயில். ஓட்டு வீடுகள், அதில் ஒன்றின் கதவு திறந்திருந்தது.

அறையில் குறட்டை நின்றது.

அவன் கால் கட்டிலுக்குக் கீழே செருப்பைத் தேடி இறங்கியது.

அவள் பாலத்தில் பின்னோக்கி நடந்தாள், பலகை பலகையாக, மழை கேட்கிற இடம் வரைக்கும். கால் மெதுவாகப் போர்வைக்குள் திரும்பிப் போனது.

கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரைக்குள் அவள் நனைந்துகொண்டே நின்றாள். அக்கரையில் அந்தக் கதவு இன்னும் திறந்திருந்தது.

சாயங்காலத்துக்கு வெகு நேரம் இருந்தது.